உறக்க மூச்சுத்தடையும் பக்கவாதமும்

உறக்கத்தில் மூச்சு பத்து வினாடிக்குக் குறையாமல் நின்றுபோவதும் மீள்வதுமாக இரவு முழுதும் தொடரும் கோளாறு உறக்க மூச்சுத்தடை எனப்படும். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைப்பதால் வருவது அடைப்பு வகை. மூச்சுவிடும் ஆணையை மூளை அனுப்பத் தவறுவதால் வருவது மைய வகை. மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் மணிக்குச் சராசரியாக எத்தனை முறை என்ற கணக்கே இதன் குறியீடு. அது 15-ஐ எட்டினால் நடுத்தரம், 30-ஐ எட்டினால் கடுமை என்பர்.

அடைபட்ட பாதை வழியே மூச்சை இழுக்க நெஞ்சு போராடுகையில் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை அரைகுறையாக விழித்து, உரத்த குறட்டையோடு பாதை திறக்கும் கணத்தில் இரத்த அழுத்தம் சட்டென ஏறுகிறது. உறக்கத்தில் இயல்பாகத் தணிய வேண்டிய அழுத்தம் இவ்வாறு தணியாமலே போவதால், நாளடைவில் பகலிலும் உயர்ந்து நின்று மூளையின் இரத்தக்குழாய்களைச் சிதைக்கிறது. நெஞ்சறை அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் இதயத்தின் மேலறைகளை இழுத்து விரிப்பதால் அவை சீரற்றுத் துடிக்கும் நோய்க்கும் இடமுண்டு. அங்கு உறையும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று குழாயை அடைத்தால் அதுவே பக்கவாதம்.

உடற்பருமன், நீரிழிவு ஆகியவை இரு நோய்களுக்கும் பொதுவாதலால், குற்றம் உண்மையில் அவற்றினுடையதே என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. அமெரிக்காவில் 1,022 பேரை ஆராய்ந்து 2005-இல் வெளிவந்த ஆய்வு, அக்காரணிகளைக் கழித்துப் பார்த்த பின்னும் பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு மூச்சுத்தடை உள்ளவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு எனக் கண்டு, அந்த ஐயத்தைப் பெரிதும் தளர்த்தியது.

உறவு ஒருவழிப்பட்டதும் அன்று. பக்கவாதம் தொண்டைத் தசைகளை வலுவிழக்கச் செய்வதாலும், நோயாளி மல்லாந்தே கிடக்க நேர்வதாலும் மூச்சுத்தடை புதிதாகத் தோன்றலாம், முன்பே இருந்தது முற்றலாம். பக்கவாதம் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இக்கோளாறு காணப்பட்டும், பகல் தூக்கக் கலக்கம் என்னும் வழக்கமான அடையாளம் அவர்களிடம் குறைவாதலால் அது பெரும்பாலும் கண்டறியப்படுவதில்லை.

1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியே இடைவிடாது காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியே முதன்மைச் சிகிச்சை. எனினும், இதய நோயோ பக்கவாதமோ கண்ட 2,717 பேரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளிவந்த சேவ் ஆய்வில், அக்கருவி அடுத்த தாக்குதல்களைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அதை அணிந்தவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அணிந்தனர் என்பதால் அம்முடிவை இறுதித் தீர்ப்பாகக் கொள்வதற்கில்லை. ஒரு கை செயலிழந்தவருக்கு முகமூடியின் வாரை மாட்டுவதே பெரும்பாடு, கோணிய வாயோரமாகக் காற்றும் கசிந்துவிடும்.