வாசற்புகையிலிருந்து தலைமாட்டுச் சுருளுக்கு: எளாவூர்க் கரையோரம் கொசுப்புகை கடந்த வழி

கும்மிடிப்பூண்டி வட்டத்து எளாவூரிலிருந்து பழவேற்காடு ஏரியை நோக்கிப் போனால் மீனவக் குப்பங்கள் வரும். அவற்றுள் ஒன்றின் பெயர் நொச்சிக்குப்பம். புறத்திணையில் மதில் காக்கும் வீரர் சூடிய பூ நொச்சி. வீட்டளவில் அதன் இலை காத்தது வாசலை. நொச்சி, வேப்பிலை, வறட்டி இவற்றைச் சட்டித் தணலில் போட்டு அந்தி நேரத்தில் புகை போடுவது தமிழகக் கிராமங்களின் பொதுவழக்கம். அதுவும் நல்ல புகையன்று. கண் எரியும், இருமல் வரும். ஆனால் சற்று நேரத்தில் அடங்கிவிடும், ஓலைக்கூரையின் இடுக்கு வழியே கசிந்து போய்விடும். புகையின் நேரமும் இடமும் மாறியதே இங்கு நடந்த பெரிய மாற்றம் என்பது என் துணிபு.

மாற்றம் ஜப்பானில் தொடங்கியது. 1890-இல் எயிச்சிரோ உயெயாமா பைரெத்ரம் பூப்பொடியில் கொசுவத்தியைக் குச்சியாகச் செய்தார். அது முக்கால் மணிகூட நிற்கவில்லை. சுருட்டி வைத்தால் நீளும் என்று 1895-இல் யோசனை சொன்னவர் அவர் மனைவி யுகி; சுருண்டு கிடந்த பாம்பைப் பார்த்துத் தோன்றியதாம். 1902-இல் சுருள் விற்பனைக்கு வந்தது. 1949-இல் அமெரிக்காவில் அலெத்ரின் என்ற கொசுமருந்து செயற்கையாக உருவானதும் பூவின் தேவையும் குறைந்தது. (பழங்கதை பேசுவதையே 'கொசுவத்தி சுத்துவது' என்று நம்மவர்கள் கேலி செய்யும் அளவுக்குச் சுருள் இங்கே வேரூன்றிவிட்டது.)

சுருளில் மருந்து நூற்றில் ஒரு பங்குகூட இராது. மீதியெல்லாம் மரத்தூள், கொட்டாங்கச்சித் தூள், பசை. ஆக, ஏழெட்டு மணி நேரம் நாம் எரிப்பது பெரும்பாலும் விறகே. தழல் விடாமல் கனிவதால் எரிதல் முழுமையடையாது. நுண்துகளும் ஃபார்மால்டிஹைடும் கிளம்பும். சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஒரு சுருளின் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்றது. ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டு வரை. மறு ஆண்டே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகுத்தது. யுகியின் யோசனைக்கும் இந்தக் கணக்குக்கும் இடையே நூறாண்டுக்கு மேல்.

2002-இல் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழகக் கிராம வீடுகளின் விறகுப்புகை அளவீட்டை வெளியிட்டது. பகலில் சவுக்கு, சீமைக்கருவேல விறகு எரியும் வீட்டில் இரவுச் சுருளும் சேரும்போது இரண்டையும் கூட்டியே பார்க்க வேண்டும். அடுப்பு எரிந்தால் குழந்தையை வெளியே அனுப்புகிறோம். சுருளை அதன் தலைமாட்டிலேயே வைக்கிறோம்.

வீடும் மாறியது. 2004 சுனாமிக்குப் பின் பழவேற்காட்டுப் பகுதியில் குடிசைகள் பல கான்கிரீட் வீடுகளாயின. புயலுக்கு நல்லது, புகைக்கு வழியில்லை. 1984-இல் குட்நைட் கொசுவிரட்டி மேட் புகையில்லாமல் வந்தது உண்மை. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். 2012-ஐ ஒட்டிய நீண்ட மின்வெட்டு இரவுகளில் அதனால் பயனில்லை, சுருள்தான் கைகொடுத்தது. இப்போது பூச்சிக்கொல்லிச் சட்டம் (1968) கேட்கும் பதிவு இல்லாத மருந்து கலந்த கொசு ஊதுபத்திகளும் கடைகளில் புழங்குகின்றன. இவை சுருளைவிட மோசம்: உள்ளே என்ன மருந்து என்றே வாங்குபவருக்குத் தெரியாது.

கொசுவலை கட்டுங்கள். சுருள்தான் என்றால் அந்தியில் கொஞ்ச நேரம் கொளுத்துங்கள். படுக்குமுன் அணைத்து, சன்னலைத் திறந்து புகையை வெளியேற்றுங்கள்.