வாடகை குறைஞ்ச ஊரும் இருபது நிமிஷ இசையும்: மாண்ட்ரியல் போஸ்ட்-ராக் உருவான கதை

இன்னைக்கு எபிசோட்ல பாடகரே இல்லாத ஒரு ராக் இசையைப் பத்தியும் அது வளர்ந்த ஊரைப் பத்தியும் பேசப்போறோம். ஊர், கனடாவின் மாண்ட்ரியல். இந்த இசையைப் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் அதோட சோகத்தையும் அரசியலையும்தான் எழுதுவாங்க. நான் வேற ஒரு வழியா உள்ள போறேன். அந்த வழி வாடகை. பெரிய பெரிய அறைகள் மலிவா கிடைச்ச காலம் ஒண்ணு அந்த ஊருக்கு இருந்தது. அது இல்லாம இந்த இசை இந்த உருவத்துல வந்திருக்காதுங்கிறது என் கட்சி.

முதல்ல, போஸ்ட்-ராக்னா என்ன?

அதே கிட்டார், அதே பேஸ், அதே டிரம்ஸ்தான். ஆனா மூணு நிமிஷப் பாட்டு கிடையாது, பல்லவி கிடையாது, கூட்டமே சேர்ந்து பாடுற வரியும் கிடையாது. 1994-இல் பிரிட்டிஷ் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் இந்தப் பெயரைப் பரவலாக்கினார். ராக் கருவிகளை ராக் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துவது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

நம்ம காதுக்குப் பக்கத்துல சொல்லணும்னா ஆலாபனையை நினைச்சுக்கோங்க. ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு, அவசரமே இல்லாம மேல ஏறுறது. வித்தியாசம் என்னன்னா, இங்க உச்சிக்கு வரும்போது மூணு கிட்டாரும் ரெண்டு டிரம்ஸும் சேர்ந்து நெஞ்சுக்கூட்டை அதிர வைக்கும். அந்த இடத்துலதான் இது ஹெவி இசைக்குச் சொந்தக்காரனா ஆகுது.

காலியான நகரம்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி மாண்ட்ரியல்தான் கனடாவின் பொருளாதாரத் தலைநகரம். 1976-இல் கியூபெக் மாகாணத்தில் தனிநாடு கோரும் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1977-இல் பிரெஞ்சை மாகாணத்தின் ஒரே ஆட்சிமொழியாக உறுதிப்படுத்தும் 101-ஆம் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் தலைமையகத்தை டொராண்டோவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. பல நிறுவனங்கள் அதே பாதையில் போயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலம் பேசும் மக்கள் மாகாணத்தை விட்டு வெளியேறினார்கள்.

பிரிவினை பற்றி 1980-இல் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 1995 அக்டோபர் 30-இல் இன்னொன்று. இரண்டாவதில் 'வேண்டாம்' தரப்பு பெற்றது 50.58 சதவீதம், வித்தியாசம் வெறும் 54,288 ஓட்டு. நாளைக்கு இந்த ஊர் எந்த நாட்டில் இருக்கும் என்றே தெரியாதபோது யார் வந்து கட்டடம் வாங்குவார்கள்?

இதே காலத்தில் மைல் எண்ட் பகுதியின் துணி, ஆயத்த ஆடைத் தொழிலும் சரிந்துகொண்டிருந்தது. யூதர்கள், இத்தாலியர்கள், கிரேக்கர்கள், போர்ச்சுகீசியர்கள் என்று அலை அலையாக வந்து குடியேறியவர்கள் தையல் மிஷின் ஓட்டிய தொழில் அது. தொழில் போனதும் தடித்த சுவரும் உயரமான கூரையும் கொண்ட தளங்கள் மிஞ்சின. ராத்திரியில் அக்கம்பக்கத்தில் ஆளே கிடையாது. வாடகையோ சொற்பம்.

இதை நாம மறந்துடக்கூடாது. இசைக்காரங்களுக்குக் கிடைச்ச மலிவு அறை ஒவ்வொண்ணும், வேற யாரோ வேலை இழந்துட்டுப் போன அறை.

33 கேசட், நசுங்கின காசு

1994-இல் எஃப்ரிம் மெனக், மைக் மோயா, மௌரோ பெசென்டே என்ற மூன்று பேர் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். பெயர் காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர். ஜப்பானிய பைக் கும்பல் ஒன்றைப் பற்றிய 1976-ஆம் ஆண்டு ஆவணப்படத்திலிருந்து எடுத்த பெயர். முதல் கேசட்டில் 33 பிரதிதான் போட்டார்கள். பிறகு ஆள் சேர்ந்து சேர்ந்து ஒன்பது பேர் அளவுக்கு வந்துவிட்டது: மூன்று கிட்டார், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், வயலின், செல்லோ. மேடைக்குப் பின்னால் 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர்களில் படம் வேறு ஓடும்.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. ஒன்பது பேர், அத்தனை ஆம்ப், ரெண்டு செட் டிரம்ஸ். மணிக்கணக்குக்குக் காசு கட்டுற ஒத்திகை அறையில இருபது நிமிஷ உருப்படியை எத்தனை தடவை வாசிச்சுப் பாக்க முடியும்? கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே வாசிக்கிற குழு சின்னப் பாட்டாத்தான் செய்யும். இவங்களுக்கு மைல் எண்டில் ஒரு பெரிய தளம் இருந்தது. அங்கேயே வாழ்ந்தாங்க, வாசிச்சாங்க, நிகழ்ச்சி நடத்தினாங்க, பதிவும் பண்ணாங்க. இடத்துக்குப் பேரு ஹோட்டல் டூ டாங்கோ. அந்தப் பகுதியோட அஞ்சல் குறியீடு எச்-2-டி. ரேடியோவில் எழுத்தைத் தெளிவாச் சொல்றதுக்கு எச்-க்கு ஹோட்டல், டி-க்கு டாங்கோன்னு சொல்வாங்க இல்லையா, அதுதான் பேர்.

1997-இல் இயன் இலாவ்ஸ்கியும் டான் வில்கியும் கான்ஸ்டலேஷன் என்ற இசை லேபிளைத் தொடங்கினார்கள். அதே வருஷம் காட்ஸ்பீட்டின் முதல் எல்பி ரெக்கார்டை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நீண்ட உருப்படி, மொத்தம் இரண்டே. ரெக்கார்டின் கடைசிக் கோடு வளையமாக மூடியிருக்கும். நீங்களே போய் முள்ளைத் தூக்கும்வரை சத்தம் நிற்காது. முதலில் போட்டது சுமார் 500 பிரதி. அட்டைமேல் புகைப்படத்தைக் கையால் ஒட்டினார்கள். ஒவ்வொரு உறைக்குள்ளும் ரயில் சக்கரத்தில் நசுக்கிய ஒரு சென்ட் காசு இருந்தது. தண்டவாளம் மைல் எண்டின் ஓரத்திலேயே ஓடுகிறது.

உறை ஒட்டுறதுக்கும் தண்டவாளத்துல காசு வைக்கிறதுக்கும் நேரம் வேணும். வாடகைக்காக மாசம் முழுக்க ஓடுறவனுக்கு அந்த நேரம் எங்கேர்ந்து வரும்?

கடை விரித்த காலம்

2000-இல் மௌரோ பெசென்டேயும் கிவா ஸ்டிமாக்கும் செயிண்ட் லாரண்ட் சாலையில் காசா டெல் போபோலோ என்ற சைவ உணவகத்தைத் திறந்தார்கள். உள்ளே சின்ன மேடையும் உண்டு. அடுத்த வருஷம் எதிர்ச்சாரியில், ஸ்பானியர்களின் சமூகக்கூடம் இருந்த கட்டடத்தின் மாடியில் சாலா ரோசா என்ற அரங்கம் வந்தது. ஒரு காலத்தில் யூதத் தொழிலாளர் அமைப்புக்காகக் கட்டிய கட்டடம் அது. ஆக லேபிள், ஸ்டூடியோ, மேடை எல்லாமே நடந்து போகிற தூரத்தில் அமைந்துவிட்டன.

2004-இல் ஆர்கேட் ஃபயர் குழுவின் 'ஃபியூனரல்' ஆல்பம் ஹோட்டல் டூ டாங்கோவில் பதிவாகி உலகமெங்கும் போனது. 2005-இல் ஸ்பின், நியூயார்க் டைம்ஸ் போன்ற அமெரிக்கப் பத்திரிகைகள் மாண்ட்ரியலைப் பற்றி எழுதித் தள்ளின. ஹெவி பக்கமும் காயவில்லை. 2015-இல் பிக் பிரேவ் குழுவின் 'ஓ தெ லா' ஆல்பத்தை எஃப்ரிம் மெனக் தயாரித்தார். அதை வெளியிட்டது அமெரிக்காவின் சதர்ன் லார்ட் என்ற மெட்டல் லேபிள்.

காட்ஸ்பீட் குழு 2003-இல் ஒதுங்கி, 2010-இல் திரும்ப வந்தது. 2013-இல் கனடாவின் போலாரிஸ் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. 30,000 டாலர். விழாவுக்கு அவர்கள் போகவில்லை. சிக்கன நடவடிக்கை காலத்தில் இவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்று கேட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். பணத்தைக் கியூபெக் சிறைகளில் இசைக்கருவிகளுக்காகக் கொடுத்துவிட்டார்கள்.

அதே 1997, இன்னொரு கதவு

கான்ஸ்டலேஷன் தொடங்கின அதே 1997-இல், மாகாண அரசின் மானியத்தோட இன்னொரு நிறுவனம் மைல் எண்டுக்குள்ள வந்தது: பிரெஞ்சு வீடியோ கேம் நிறுவனம் யூபிசாஃப்ட். அதுவும் செயிண்ட் லாரண்ட் சாலையில் ஒரு பழைய ஆடைத் தொழிற்சாலைக் கட்டடத்துலதான் குடியேறிச்சு. சில பத்து பேரோட ஆரம்பிச்சு ஆயிரக்கணக்குக்குப் போச்சு. அத்தனை பேரும் சாப்பிட, காபி குடிக்க, குடியிருக்க இடம் வேணுமே. வாடகை ஏறினது.

ஆனா பழியை ஒரே நிறுவனத்து மேல போட முடியாது. இசையால வந்த பேரும்தான் ஊரின் விலையைக் கூட்டினது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பார்க் எக்ஸ்டென்ஷன்னு ஒரு பகுதி. இலங்கைத் தமிழர்கள் உட்படத் தெற்காசியக் குடும்பங்கள் நிறைய வாழற இடம். பக்கத்துல 2019-இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தோட புது வளாகம் திறந்த பிறகு அங்கேயும் வாடகை உயர்வு, வீட்டைக் காலி பண்ணச் சொல்றதுன்னு போராட்டங்கள் வந்துடுச்சு. கிட்டாரே தொடாத குடும்பங்களும் அதே பில்லைத்தான் கட்டுறாங்க.

சத்தமும் இப்போது பிரச்சினை. 1913-இல் கட்டிய லா துலிப் அரங்கத்தை ஒட்டிய கட்டடம் குடியிருப்பாக மாறியது. அதன் உரிமையாளர் வழக்குப் போட்டார். அரங்கத்தின் ஒலிபெருக்கிச் சத்தம் அவர் இடத்தில் கேட்கவே கூடாது என்று 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அரங்கம் கதவை மூடியது. நூறு வருஷத்துக்கும் மேலாக நின்ற அரங்கம், நேற்று வந்த வீட்டுக்கு வழிவிட்டது.

சரி, தீர்வே இல்லையான்னு கேட்டா, ஒரு உதாரணம் இருக்கு. மைல் எண்டின் தெ காஸ்பே தெருவில, பழைய துணி ஆலைக் கட்டடங்கள்ல இருந்த கலைஞர்கள் ஒண்ணாச் சேர்ந்து, உரிமையாளரோட நீண்டகால வாடகை ஒப்பந்தம் போட்டாங்க. எல்லாருக்கும் இடம் மிஞ்சல. ஆனா தனித்தனியா நின்னவங்களை விடச் சேர்ந்து நின்னவங்களுக்கு நிறைய மிஞ்சினது.

எந்த ஊரா இருந்தாலும், அங்க புதுசா ஒரு இசை கிளம்புதுன்னு கேள்விப்பட்டா, 'யார் வாசிக்கிறாங்க'ன்னு கேட்கிறதோட 'எங்க ஒத்திகை பாக்குறாங்க, மாசம் எவ்வளவு கட்டுறாங்க'ன்னும் கேளுங்க. அந்த இசை எத்தனை வருஷம் தாங்கும்ங்கிறது பாதி அதுலயே தெரிஞ்சுடும்.

முதல்முறை கேக்கப்போறவங்களுக்கு ஒரு யோசனை. 2000-இல் வந்த காட்ஸ்பீட்டின் இரட்டை ஆல்பத்துலேர்ந்து ஆரம்பிங்க. நாலே உருப்படிதான், மொத்தம் கிட்டத்தட்ட ஒண்ணரை மணி நேரம். போனை ஓரமா வெச்சுட்டுக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.