ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர்ல கரன்ட்... லாபத்தை எப்படி அளக்குறாங்க?

சேலம், நாமக்கல் பக்கம் பஸ்ல போயிருக்கீங்களா? சில இடங்கள்ல புளிச்ச வாடை குப்புனு மூக்கைத் துளைக்கும். பெரும்பாலும் பக்கத்துல ஒரு சேகோ ஃபேக்டரி இருக்குனு அர்த்தம். உங்க பாயசத்துல மிதக்குற ஜவ்வரிசி இங்கே இருந்துதான் வருது. 1940-களில் தொடங்கின தொழில். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது.

சரி, அந்த வாடை எங்கிருந்து வருது? அதுலதான் காசே இருக்கு!

கழிவுநீர்ல என்ன இருக்கு?

மரவள்ளிக்கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைச்சுப் பால் எடுப்பாங்க. தொட்டியில மாவு அடியில தங்கினதும் மேல நிக்குற தண்ணியை வெளியேத்திடுவாங்க. சக்கையான திப்பி மாட்டுத் தீவனமாகப் போயிடும். ஆனா தண்ணியில கரைஞ்சிருக்கிற மாவும் சர்க்கரையும் திறந்தவெளிக் குட்டையில அழுகும். அப்போ வர்ற மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஓடை, ஆறு, கிணறுனு தண்ணியும் கெடும்.

இதே தண்ணியை மூடின கலனுக்குள்ள விட்டா, காற்று இல்லாமலே வாழுற பாக்டீரியா அந்த மாவைத் தின்னு பயோகேஸ் தரும். அதுல ஜெனரேட்டர் ஓட்டலாம், மாவை உலர்த்தலாம். இந்தப் பகுதியில பல ஆலைகள் இப்படித்தான் செய்யுது.

கணக்குப் போடலாமா?

தண்ணியில எவ்வளவு அழுக்குனு சொல்ற அளவு சி.ஓ.டி. ஒரு கிலோ சி.ஓ.டி. நீங்கினா, அதிகபட்சம் 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். இதுதான் அடிப்படை விதி.

உதாரணத்துக்கு ஒரு ஆலை:

* தினமும் கழிவுநீர்: 2.5 லட்சம் லிட்டர்
* சி.ஓ.டி.: லிட்டருக்கு 5,000 மில்லிகிராம்
* கலனில் நீங்குவது: 80%, அதாவது 1,000 கிலோ
* மீத்தேன்: 350 கன மீட்டர்
* மின்சாரம்: சுமார் 1,200 யூனிட்
* யூனிட் 7 ரூபாய்னு வெச்சா: தினமும் 8,400 ரூபாய்

சீசன்ல 150 நாள் ஓடினா 12.6 லட்சம் ரூபாய்! அந்த மீத்தேன் முழுசும் காற்றுல கலந்திருந்தா, 1,000 டன்னுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு விட்டதுக்குச் சமம். இது விதிப்படி கிடைக்கக்கூடிய உச்சம். நிஜத்துல கொஞ்சம் குறையும். பராமரிப்புச் செலவையும் கழிக்கணும். கலனுக்குப் போட்ட முதலை மிச்சமாகுற தொகையால வகுத்தா, எத்தனை வருஷத்துல போட்ட காசு திரும்பும்னு தெரிஞ்சுடும்.

இங்கதான் ஒரு ட்விஸ்ட்!

80% நீங்கியும் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் மிச்சம் இருக்கே! நீர்நிலையில விட அனுமதிக்கிற பொது வரம்பு வெறும் 250 தான். அதனால கேஸ் எடுத்ததோட வேலை முடியலை. அடுத்து காற்று செலுத்திச் சுத்திகரிக்கணும். அதுக்குக் கரன்ட் செலவாகுமே தவிர வருமானம் கிடையாது. லாபம் தர்ற பாதியை மட்டும் செஞ்சுட்டு, செலவு வைக்கிற மீதியை விட்டுட்டா, அந்தச் செலவு பக்கத்து விவசாயி தலையில விழும். கிணறு கெட்டா அவர் டேங்கர் தண்ணிக்குக் காசு கொடுக்கணும், இல்லைன்னா பயிரை மாத்தணும். ஆலையோட பேலன்ஸ் ஷீட்ல இது எந்த வரியிலயும் வராது. ஆனா இதுவும் பணம்தானே?

'நாங்க சுத்தம்'னு யாராவது சொன்னா, இதைக் கேளுங்க:

1. கலனுக்குள்ள போறப்போ சி.ஓ.டி. எவ்வளவு? கடைசியா வெளியே வர்றப்போ எவ்வளவு?
2. கேஸ் மீட்டர் தினசரி என்ன காட்டுது?
3. ஒரு மூட்டை ஜவ்வரிசிக்கு ஆகுற கரன்ட் செலவு முன்ன எவ்வளவு, இப்போ எவ்வளவு?
4. சுத்தியிருக்கிற கிணறுகள்ல உப்பு அளவு, அதாவது டி.டி.எஸ்., குறைஞ்சிருக்கா? குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கிறது நல்லது.

முதல் மூணு கேள்விக்கும் பதில் ஆலைக்குள்ளேயே இருக்கும். நாலாவதுக்கு மட்டும் ஊருக்குள்ள போய்த்தான் பார்க்கணும். அதையும் சேர்த்தாதான் கணக்கு முழுசாகும், மக்களே!