உருளைக்கிழங்குக்குப் புதினா காவல்

இன்னைக்கு ஒரு பேரரசோட கிழங்குக் கிடங்கைப் பத்திப் பேசலாம்.

இடம், தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. இன்றைய பெரு, பொலிவியா பக்கம். உருளைக்கிழங்கோட சொந்த ஊரே அதுதான். ஆனா தானியம் மாதிரி இதை அப்படியே மூட்டை கட்டி வைக்க முடியாது. கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல தண்ணிதான். ஒண்ணு அழுகும், இல்லன்னா முளைவிடும். போதாக்குறைக்குக் கூன்வண்டுப் புழுவும் அந்துப்பூச்சியும் உள்ளே குடையும்.

மலை விவசாயிகள் கண்டுபிடிச்ச ஒரு தீர்வு, முன்யா என்ற செடி. புதினாவோட குடும்பம். அதோட தழையைக் கிழங்குக்கு நடுவே அடுக்கடுக்கா போட்டு வைப்பாங்க. அந்த நெடிக்குப் பூச்சி ஒதுங்கும், முளைவிடுறதும் தள்ளிப்போகும். இந்த வழக்கம் அங்கே இன்னும் இருக்கு.

இன்னொரு தீர்வு, 'சுன்யோ'. உறைபனி விழுற ராத்திரியில் கிழங்கை வெட்டவெளியில் பரப்பணும். பகலில் காலால் மிதிச்சுத் தண்ணியைப் பிழிஞ்சு, வெயிலில் காயவைக்கணும். சில நாளில் கல்லு மாதிரி ஆயிடும். வருஷக்கணக்கில் கெடாது.

15-ஆம் நூற்றாண்டில் இன்கா அரசு இதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோச்சு. குளிர்காத்து வீசுற மலைச்சரிவுகளில் 'கோல்கா' என்ற கல் கிடங்குகளை வரிசையா கட்டினாங்க. வானுகோ பம்பா என்ற ஒரே இடத்தில் சுமார் 500 கிடங்குகள். விளைச்சல் பொய்த்தால் ஊருக்குச் சோறு; போர் வந்தால் படைக்குச் சோறு.

1532-இல் ஸ்பானியர்கள் வந்தாங்க. 1545-இல் பொட்டோசி மலையில் வெள்ளி கிடைச்சுது. 4,000 மீட்டர் உயரம், சுத்துவட்டாரத்தில் விவசாயம் ரொம்பக் கஷ்டம். அங்கே சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சாப்பாடு இந்தச் சுன்யோதான். அதைக் கொண்டுபோய் வித்தே பல ஸ்பானியர்கள் பணக்காரங்களா ஊர் திரும்பினாங்கன்னு சியெசா தெ லியோன் 1553-இல் வெளிவந்த தன் நூலில் பதிவு செஞ்சிருக்கார். 1570-களில் வைஸ்ராய் தொலேதோ, கிராமங்களில் இருந்து ஆட்களைச் சுரங்க வேலைக்குக் கட்டாயமா அனுப்பவெச்சார். சுன்யோவைக் கண்டுபிடிச்சவங்களோட வாரிசுகளே அதைத் தின்னுட்டுச் சுரங்கத்துக்குள்ள இறங்கினாங்க.

ஒரு இன்ஜினியரா எனக்கு இதில் உறுத்துறது ஒண்ணுதான். டிசைனில் எந்தக் குறையும் இல்ல. பூச்சி உள்ளே வரவே இல்ல. ஆனா கிடங்கு கைமாறினதும், பசிக்குக் காப்பா இருந்த அதே கிழங்கு சுரங்கத்துக்குத் தீனி ஆயிடுச்சு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.