நம்ம காடி

“இது சீனக் காடிப்பா.” அக்கா வாங்கிய எக்ஸ்50-ஐச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார். அவருடைய முதல் காடி புரோட்டோன் சாகா. அதை மட்டும் இன்றும் “நம்ம காடி” என்பார்.

ஆனால் 1985-இல் வந்த சாகாவே மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயின் மறுவடிவம்தான். புரோட்டோன் சொந்தமாக வடிவமைத்த வாஜா வர 2000 ஆகிவிட்டது. சொந்த இன்ஜினான கேம்புரோ 2004-இல்தான் வந்தது.

எக்ஸ் வரிசையும் கடனில்தான் தொடங்கியது. 2017-இல் சீனாவின் ஜீலி, புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2018 டிசம்பரில் ஜீலி போயுவே, எக்ஸ்70 என்ற பெயரில் முழு வண்டியாகவே கப்பலேறி வந்தது. 2020-இல் அதைத் தஞ்சோங் மாலிமில் பொருத்தி விற்க ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பின்யுவே எக்ஸ்50 ஆனது. இது தொடக்கத்திலிருந்தே தஞ்சோங் மாலிம் தயாரிப்பு.

சாகாவிலிருந்து கேம்புரோவுக்கு 19 ஆண்டுகள். அவ்வளவு காலம் பிடித்தது இரும்பைக் கற்க. எக்ஸ்50-இல் இரும்புக்கு மேல் மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது: வரைபடம், இணையம், “ஹாய் புரோட்டோன்” என்றால் பதில் சொல்லும் குரல். இதையும் எழுதக் கற்போமா, பொருத்துவதோடு நின்றுவிடுவோமா? என்னைப் போன்ற பொறியாளர்களின் வேலை இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

“அப்போ போய்க் கத்துக்கோ. அப்புறம் நம்ம காடின்னு சொல்றேன்” என்றார்.