கட்டியவர் ஒருவர், காப்பவர் ஒருவர்: அமெரிக்கச் சிற்றணைகளின் பராமரிப்பு வரலாறு

அமெரிக்காவின் 47 மாநிலங்களில், பெரும்பாலும் ஊர்ப்புறச் சிற்றோடைகளின் குறுக்கே, வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய சிறு மண் அணைகள் 11,800 அளவில் உள்ளன. ஓக்லஹோமாவில் மட்டும் 2,100க்கு மேல்; டெக்ஸாஸில் ஏறத்தாழ 2,000. 1948இல் தொடங்கிய இந்தக் கட்டுமானத்தின் பெரும்பகுதி 1960களிலும் 70களிலும் நடந்தது. வடிவமைப்பில் குறித்த 50 ஆண்டு ஆயுளை இவற்றில் மிகப் பல கடந்துவிட்டன. இன்றைய சிக்கலுக்கு அணைகளின் மூப்பையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். மண்கரை வயதானதாலேயே உடைவதில்லை. கவனிப்பாரற்றுப் போகும்போதுதான் உடைகிறது. கட்டும் செலவை நடுவண் அரசும் காக்கும் பொறுப்பை உள்ளூரும் ஏற்பது என்று தொடக்கத்திலேயே செய்துகொண்ட பிரிவினைதான் இன்றைய நிலைக்கு முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1934 ஏப்ரலில் ஓக்லஹோமாவின் ஹேமன் என்ற சிற்றூரை வாஷிடா ஆற்று வெள்ளம் தாக்கியதில் 17 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஹியூ ஹேமண்ட் பென்னட் தலைமையில் மண்வளக் காப்புப் பணித்துறை அமைந்தது. வெள்ளத்தை ஆற்றின் கீழ்ப்பகுதியில் பேரணை கட்டி நிறுத்துவதைவிட, மழை விழும் மேட்டுநிலத்திலேயே தணிக்க வேண்டும் என்பது அத்துறையின் நிலைப்பாடு. 1936இல் வந்த வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் பேராறுகளை ராணுவப் பொறியாளர் படைக்கும், மேல்நீர்ப்பிடிப்புகளை வேளாண் துறைக்கும் பிரித்துக் கொடுத்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் வாஷிடா உட்பட 11 நீர்ப்பிடிப்புகளில் பணிக்கு அனுமதி அளித்தது. 1948 ஜூலையில் ஓக்லஹோமாவின் கார்டெல் அருகே கிளவுட் கிரீக் ஓடையில் முதல் அணை எழுந்தது. 1954 ஆகஸ்டில் அதிபர் ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட 566ஆம் எண் பொதுச்சட்டம் இதை நாடு தழுவிய திட்டமாக்கியது. ஒரு திட்டத்துக்கு 2,50,000 ஏக்கர், ஓர் அணைக்கு 5,000 ஏக்கர்-அடி (சுமார் 218 மில்லியன் கன அடி) என்று அது உச்சவரம்பும் வைத்தது. அதே ஆண்டில் நீரியலறிஞர்கள் லூனா லியோபோல்டும் தாமஸ் மேடாக்கும் தங்கள் நூலில், ஓடைத் தலைப்புகளில் கட்டும் அணைகள் தொலைவிலுள்ள பேராற்று வெள்ளத்தை அடக்காது என்று எழுதினர். பேரணையா, சிற்றணையா என்று பத்தாண்டுக்கும் மேல் நடந்த அந்தச் சண்டையில், கட்டியபின் அணையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

இந்த அணை இயங்கும் விதத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வியின் கனம் புரியும். நீர்ப்பக்கத்தில் ஒரு கான்கிரீட் செங்குத்துக் குழல் நிற்கிறது. அதன் தலையில் குப்பையைத் தடுக்கும் கம்பிச் சட்டம். குழலின் அடியிலிருந்து ஒரு குழாய் கரையின் அடித்தளம் வழியாக மறுபுறம் போகிறது. வெள்ளம் ஏறும்போது நீர் இந்தக் குழாய் வழியே நாள்கணக்கில் மெல்ல வடியும். அதையும் மீறினால், கரையின் ஓரத்தில் மேட்டை வெட்டிப் புல் வளர்த்த கலிங்கு வழியே வழிந்துவிடும். வெள்ளநேரத்தில் திறந்து மூட ஆளே வேண்டாம் என்பதுதான் இந்த அமைப்பின் அழகு. ஆள் வேண்டாம் என்பதாலேயே ஆள் வராமலும் போனது. கம்பிச் சட்டத்தில் மரக்கிளைகள் சேர்ந்து அடைத்துக்கொண்டால் நீர் அடிக்கடி கலிங்கில் ஏறிப் புல்லை அரிக்கும். பீவர்களும் வளைதோண்டி எலிகளும் கரையைக் குடைந்தால் கசிவுக்கு வழி கிடைக்கும். கரையில் முளைத்த மரம் பட்டுப்போனால் வேர் மக்கிய இடத்தில் ஒரு துளை எஞ்சும். செலவைக் குறைக்க நெளிதகட்டு இரும்புக் குழாய் பதித்த அணைகளில் அது துருப்பிடித்து, சுற்றியுள்ள மண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே நின்று பார்ப்பவருக்குக் கரையில் ஒரு சிறு குழி மட்டுமே தெரியும். புல் வெட்டுவது, மரம் அகற்றுவது, மாடு ஏறாமல் வேலி போடுவது, குப்பை எடுப்பது என ஆண்டுதோறும் வேண்டியவை எல்லாம் எளிய வேலைகள். ஆனால் அவற்றுக்கு முடிவே இல்லை.

இந்த வேலைகளைச் சட்டம் யாரிடம் ஒப்படைத்தது? வெள்ளத்தடுப்புக் கட்டுமானச் செலவை நடுவண் அரசு முழுவதுமாக ஏற்றது. நிலத்தின் மீதான உரிமையைப் பெற்றுத் தருவதும், கட்டியபின் பராமரிப்பதும் உள்ளூர் அமைப்பின் கடமை என ஒப்பந்தம் எழுதப்பட்டது. பல இடங்களில் அந்த அமைப்பு மண்வளக் காப்பு மாவட்டம். அணைகள் மிகுந்த ஓக்லஹோமா, டெக்ஸாஸ் இரண்டிலும் இந்த மாவட்டங்களுக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. திட்ட அறிக்கைகள் பராமரிப்புச் செலவை மதிப்பிட்டன. ஆனால் அத்தொகை ஆண்டுதோறும் கைக்கு வர ஒரு நிதியைச் சட்டம் ஏற்படுத்தவில்லை. 50 ஆண்டு என்ற கணக்கும் இங்கே கவனிக்கத்தக்கது. வண்டல் படிய ஒதுக்கிய கொள்ளளவுக்கும், வரவு செலவுகளை ஒப்பிடுவதற்கும் எடுத்துக்கொண்ட காலவரை அது. அதற்குப் பிறகு அணையை என்ன செய்வது என்பது அந்தக் கணக்குக்கு வெளியே இருந்தது.

அறிவுக்குறைவே காரணம் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். வரலாறு அதை ஏற்கவில்லை. ஓக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் சில சிற்றணைகள் முதன்முறை நீர் நிறைந்தபோதே துளைபட்டன. சோடியம் மிகுந்த ஒருவகைக் களிமண் நீர் பட்டதும் துகளாகப் பிரிந்து ஓடிவிடுகிறது என்பதை 1970களில் பொறியாளர் ஜேம்ஸ் ஷெரார்டும் மண்வளக் காப்புப் பணித்துறைப் பொறியாளர்களும் நிறுவினர். குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையம் கட்டும் பழைய முறையைக் கைவிட்டு, கசிவை மண் கலங்காமல் வடிக்கும் மணல் வடிகட்டியை 1980களில் கொண்டுவந்தனர். பொறியியல் தன் பிழையை இருபது ஆண்டுகளுக்குள் திருத்திக்கொண்டது. பொறுப்புப் பிரிவினைதான் திருந்தவில்லை. 1977 நவம்பர் 6 அன்று ஜார்ஜியாவின் டொக்கோவா அருகே கெல்லி பார்ன்ஸ் மண் அணை உடைந்து 39 பேர் இறந்தனர். அது 566ஆம் சட்டத்தின் கீழ்க் கட்டியதன்று. உயரமும் 40 அடி அளவுதான். ஆனால் கிராமப்புறச் சிற்றணை எத்தனை உயிரைக் கொள்ளும் என்பதை அதுதான் நாட்டுக்குக் காட்டியது. அதிபர் கார்ட்டர் ஆணைப்படி ராணுவப் பொறியாளர்கள் 1981 வரை சோதித்த சுமார் 9,000 அணைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது எனத் தெரிந்தது.

இந்தத் திட்டத்து அணைகளில் உயிரிழப்பு அரிது, ஆகவே அச்சம் மிகை என்பது வலுவான மறுப்பு. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்த நற்பதிவு அணை வயல்களைக் காத்த காலத்துக்கு உரியது. கட்டும்போது கீழே கோதுமையும் மேய்ச்சல் நிலமும் இருந்ததால், உடைந்தாலும் சேதம் குறைவு என்ற வகுப்பில் பல அணைகள் சேர்ந்தன. அதற்கேற்ற சிறிய கலிங்கும் கிடைத்தது. வெள்ளம் அடங்கியதை நம்பி அதே நிலத்தில் வீடுகள் வந்தன. கரையில் ஒரு பிடி மண்கூட மாறாமல் அணை உச்ச அபாய வகுப்புக்கு ஏறியது. இந்த வகுப்பு அணையின் உறுதியை அளப்பதன்று. உடைந்தால் யார் சாவார்கள் என்பதைச் சொல்வது. வீட்டுமனைக்கு அனுமதி தருவது ஓர் அலுவலகம், கலிங்கை அகலப்படுத்த வேண்டியது இன்னொன்று.

பயன் உள்ளூருக்கு என்பதால் செலவும் அங்கேயே இருக்கட்டும் என்பது அடுத்த மறுப்பு. நிலத்தை இழந்தவர் ஓடைத் தலைப்பில் இருக்கும் விவசாயி; பயன் பெறுபவர் கீழே பல மைல் தொலைவில் இருப்பவர், பாலமும் சாலையும் வைத்திருக்கும் அரசு. அப்படியிருக்க உள்ளூர் என்று எதைச் சொல்வது? அணையை இடித்துவிடலாம் என்போரும் உண்டு. பயன் தீர்ந்த சிலவற்றுக்கு அது சரிதான். ஆனால் அரை நூற்றாண்டு வண்டலை அப்புறப்படுத்துவதும், கீழே குடியேறியவர்களுக்குத் திரும்பும் வெள்ளத்தைச் சமாளிப்பதும் பல இடங்களில் பழுதுபார்ப்பைவிடச் செலவு மிகுந்தவை.

2000ஆம் ஆண்டில் ஓக்லஹோமாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஃபிராங்க் லூகஸ் முன்னின்று கொண்டுவந்த திருத்தம் புதுப்பிப்புச் செலவில் 65 விழுக்காட்டை நடுவண் அரசு ஏற்க வழிசெய்தது. 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் அதற்கு 11.8 கோடி டாலர் ஒதுக்கியது. இவை பெரிய முன்னேற்றம்தான். டெக்ஸாஸ் 2009 முதல் இந்த அணைகளுக்கு மாநில நிதி தருவது, பிரிவினையை மாற்றி எழுத முடியும் என்பதற்குச் சான்று. ஆனால் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு விதி உண்டு: ஒப்பந்தப்படி உள்ளூர் செய்ய வேண்டிய பராமரிப்புக்கு இந்தப் பணத்தைத் தொடக்கூடாது. புதுப்பித்த அணை நீட்டித்த ஆயுள் முழுதும் பராமரிக்கப்படும் என்று உள்ளூர் அமைப்பே மீண்டும் உறுதியளிக்க வேண்டும். அந்தப் புது ஆயுள் 50 முதல் 100 ஆண்டு. கையொப்பமிடுவது பல இடங்களில் வரி விதிக்கும் அதிகாரம் இல்லாத அதே மாவட்டம்.