திக்கித் திக்கி ஒரு சக்கரவர்த்தி

பழைய காசு சேர்க்கிற பழக்கம் உள்ளவங்க வீட்ல ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட அணாக் காசு ஒண்ணாவது இருக்கும். கிரீடம் வெச்சு, பக்கவாட்டுல திரும்பி, சுத்திவர 'கிங் எம்பரர்'ங்கற எழுத்தோட. நமக்கும் சக்கரவர்த்தியா இருந்தவர்தான். அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் வாயைத் திறந்தா வார்த்தை வராம தவிச்சவர்ங்கறது, 2010ல 'தி கிங்ஸ் ஸ்பீச்' படம் வந்த பிறகுதான் நம்மில் பல பேருக்குத் தெரிஞ்சது.

நல்ல படம். நாலு ஆஸ்கர் வாங்கினது. ஆனா பார்த்துட்டு வர்றவங்க மனசுல நிக்கிற கதை என்ன? ஒரு வாத்தியார் வந்தார், பயிற்சி குடுத்தார், 1939ல யுத்தம் ஆரம்பிச்ச அன்னிக்கு ராஜா ரேடியோவில் நல்லபடியா பேசி முடிச்சார், திக்குவாய் போச்சு, சுபம். நிஜத்துல நடந்தது இதைவிட ரொம்ப நீளம். சுபம் போடற இடமும் அதுல கிடையாது. எனக்கு என்னவோ அதுதான் படத்தைவிட சுவாரசியமா படுது.

ஆல்பர்ட் (வீட்ல பெர்ட்டி) பிறந்தது 1895 டிசம்பர் 14. ஐந்தாம் ஜார்ஜின் இரண்டாவது பையன். அண்ணன் இருக்கிறதால இவர் ராஜாவா ஆவார்னு யாரும் நினைக்கலை. இடதுகைப் பழக்கம் இருந்தவரை வலது கையால எழுத வெச்சாங்க. கால் முட்டி உள்பக்கமா வளைஞ்சிருக்குன்னு கட்டை வெச்சுக் கட்டினாங்க. அப்பாவோ மகா முன்கோபி. பையன் திக்க ஆரம்பிச்சா பொறுமை போயிடும், அதட்டுவார்.

இந்தக் கை மாத்தினதுதான் திக்குவாய்க்குக் காரணம்னு அந்தக் காலத்துல பலமா நம்பினாங்க. இன்னிக்கு அப்படிச் சொல்றதில்லை. திக்குவாய் பெரும்பாலும் ரெண்டு வயசிலிருந்து அஞ்சு வயசுக்குள்ள தொடங்கறது. பரம்பரைக்கும், மூளையில் பேச்சை இயக்குற விதத்துக்கும் அதுல பங்கு இருக்கு. பயந்தாங்கொள்ளிக்கு வர்ற வியாதி இல்லை. திக்குறவங்க பல பேர் பாடும்போது திக்க மாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா? அப்போ அப்பாவோட அதட்டல் என்ன செய்யும்? திக்குவாயை உண்டாக்காது. ஆனா வாயை மூட வெச்சிடும்.

இதுக்கு ஒரு கொடுமையான ஆதாரம் அமெரிக்காவுல இருக்கு. 1939ல, ஐயோவா மாநிலத்துல டேவன்போர்ட் ஊர் அனாதை இல்லத்துக் குழந்தைகள் 22 பேரை வெச்சு ஒரு ஆராய்ச்சி. நடத்தினவர் வெண்டல் ஜான்சன். அவரே திக்குவாய்க்காரர்ங்கறதுதான் வேடிக்கை. நல்லா பேசிட்டிருந்த சில குழந்தைகள்கிட்ட 'உனக்குத் திக்குது, திக்காம பேச முடிஞ்சா மட்டும் பேசு'ங்கற மாதிரி திரும்பத் திரும்ப சொல்ல வெச்சாங்க. குழந்தைகள் திக்குவாய் ஆனாங்களோ இல்லையோ, கூச்சப்பட்டுப் பேச்சையே குறைச்சுக்கிட்டாங்க. விஷயம் பத்திரிகையில் வந்து பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001ல. நஷ்டஈடு குடுத்தது 2007ல.

சரி, பெர்ட்டிக்கு வருவோம். கடற்படையில் சேர்ந்து, 1916ல ஜட்லாண்ட் கடற்போரில் காலிங்வுட் கப்பல்ல இருந்தார். குண்டு பறக்கிற இடத்துல நின்ன ஆளை மைக் முன்னாடி நிக்க வெச்சப்ப உடம்பு உதறிச்சு. 1925 அக்டோபர் 31, வெம்ப்ளியில் பேரரசுக் கண்காட்சியின் முடிவு விழா. பேசற இவருக்கும், கேட்டுட்டிருந்த கூட்டத்துக்கும் ஒரே சித்ரவதை. நாக்கு அசையுது, சத்தம் வரலை.

அதுக்கு முன்னாடியே நிறைய நிபுணர்களைப் பார்த்தாச்சு. எதுவும் சரிப்படலை, இனி யாரையும் பார்க்க மாட்டேங்கற நிலைமை. லயனல் லோக் கிட்ட போகச் சொல்லி, கூடவும் நின்னவர் மனைவி எலிசபெத்.

லோக் ஒரு ஆஸ்திரேலியர். அடிலெய்டுல பிறந்தவர். டாக்டர் பட்டம் எதுவும் கிடையாது. மேடைப் பேச்சு, உச்சரிப்பு சொல்லிக் குடுக்கிற வாத்தியார், நாடகப் பைத்தியம். முதல் உலகப் போர்ல அடிபட்டுப் பேச்சுக் குழறித் திரும்பின சிப்பாய்களுக்குப் பெர்த் ஊர்ல பயிற்சி குடுத்துத்தான் இந்த வேலைக்கே வந்தார். 1924ல லண்டன் வந்து, பெரிய பெரிய டாக்டர்கள் இருக்கிற ஹார்லி தெருவுல 146ஆம் நம்பர்ல இடம் பிடிச்சு உக்காந்தார். இன்னிக்கா இருந்தா போலி டாக்டர்னு உள்ள வெச்சிருப்பாங்க :-)

ரெண்டு பேரும் முதல்ல சந்திச்சது 1926 அக்டோபர்ல. படம் இதை எட்டு வருஷம் தள்ளி, முப்பதுகளுக்குக் கொண்டு போயிடுச்சு. லோக் இளவரசரை 'பெர்ட்டி'ன்னு கூப்பிட்டதுக்கும் ஆதாரம் இல்லை. அவர் எழுதின கடிதங்கள்ல மரியாதை பொங்கி வழியுது. ஆனா ஒரு விஷயம் நிஜம். இளவரசர் அவர் இடத்துக்கு வரணும், அவர் அரண்மனைக்குப் போக மாட்டார்.

பயிற்சி ஒண்ணும் மாய மந்திரம் இல்லை. அடிவயித்துலேர்ந்து மூச்சு விடறது. வெந்நீர்ல தொண்டை கொப்பளிக்கிறது. திறந்த ஜன்னல் பக்கத்துல நின்னு அ, ஆ, ஈ மாதிரி உயிரெழுத்துகளைச் சத்தமா இழுத்துச் சொல்றது, ஒவ்வொண்ணும் பதினஞ்சு விநாடி. நாக்கைப் புரட்டுற சொற்றொடர்கள் (நம்ம 'ஏழை கிழவன் வாழைப்பழத் தோல்' கேஸ்தான்). வீட்லயும் தினம் ஒரு மணி நேரம். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடின காலத்துல எண்பது தடவைக்கு மேல ஹார்லி தெருவுக்குப் போயிருக்கார்.

எனக்கென்னவோ இந்த எண்பதுதான் மொத்தக் கதையிலயும் முக்கியமான எண். மூச்சுப் பயிற்சியே திக்குவாயைப் போக்கிச்சுன்னு சொல்றதுக்கு இல்லை, இப்போ இருக்கிற பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் அதை அப்படியே ஏத்துக்கவும் மாட்டாங்க. ஆனா திக்கினா அதட்டாம, வாக்கியத்தை முடிச்சு வைக்காம, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிற ஒரு ஆள் முன்னாடி எண்பது தடவை உக்காந்து பேசறது இருக்கே, அது அதுவரைக்கும் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

1927 மே 9. கான்பெராவில் புது நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு விழா. லோக் கூடப் போகலை. வெளியே படிக்கட்டுல நின்னு ஒரு பேச்சு, உள்ளே செனட் மண்டபத்துல இன்னொரு பேச்சு. ரெண்டையும் பேசி முடிச்சார். ஆக, நிஜ வாழ்க்கையில் 'கிளைமாக்ஸ்' 1939க்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாடியே வந்து போயிடுச்சு.

அப்புறம் ஏன் திரும்ப லோக்? 1936 டிசம்பர்ல அண்ணன் எட்வர்டு காதலுக்காக முடியைத் துறந்தார். தம்பி தலையில் கிரீடம். கிரீடத்தோட மைக்கும். மாசக்கணக்குல சும்மா இருந்தா திக்கு மறுபடி எட்டிப் பார்க்கும். அதனால 1937 மே 12 முடிசூட்டு விழாவுக்கு ஒத்திகை, அன்னிக்கு ராத்திரி ரேடியோ பேச்சுக்கு ஒத்திகை. அவங்கப்பா ஆரம்பிச்சு வெச்ச கிறிஸ்துமஸ் ரேடியோ பேச்சு 1936லயும் இல்லை, 1938லயும் இல்லை. விரும்பிச் செஞ்ச வேலை இல்லை அது.

1939 செப்டம்பர் 3, சாயங்காலம் 6 மணி. எழுதின தாளில் எங்கே நிறுத்தணும், எங்கே மூச்சு வாங்கணும்னு லோக் கோடு போட்டுக் குடுத்திருந்தார். சிக்குற வார்த்தைகளுக்குப் பதிலா வேற வார்த்தை மாத்தறதும் அவர் வழக்கம். (அன்னிக்கே வைஸ்ராய் லின்லித்கோ நம்ம தலைவர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேக்காம இந்தியாவையும் யுத்தத்துல சேர்த்துட்டார். அக்டோபர்ல ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா. இந்தப் பக்கத்துக் கதை அது.) அந்த ஒலிப்பதிவு இன்னிக்கும் கேக்கக் கிடைக்குது. படத்தை மறந்துட்டு கேளுங்க. சில இடைவெளி பேச்சுக்காக விட்டது, சில இடைவெளி வார்த்தைக்காகக் காத்திருந்தது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

யுத்தம் முழுக்க இந்த மாதிரிப் பேச்சுகள் தொடர்ந்தது. லண்டன்ல பிறந்து, யுத்தத்துக்குப் பயந்து அமெரிக்கா போன ஒரு குடும்பத்துல திக்குவாய்ப் பையன் ஒருத்தன் இதைக் கேட்டுக்கிட்டு இருந்தான். 'ராஜாவைப் பாரு, உன்னைவிட மோசமா இருந்தவர்'னு வீட்ல சொல்வாங்களாம். அவர்தான் டேவிட் சைட்லர், பின்னாடி படத்துக்குத் திரைக்கதை எழுதினவர். ராஜாவோட மனைவிகிட்ட கடிதம் போட்டு அனுமதி கேட்டிருக்கார். நான் உயிரோட இருக்கிறவரை வேண்டாம், அந்த நினைப்பே இன்னும் வலிக்குதுன்னு பதில். அந்தம்மா 2002ல 101 வயசுல காலமாகிற வரைக்கும் மனுஷன் காத்திருந்தார். நம்மூர்ல திக்குவாய்னாலே காமெடி டிராக் எழுதிடறாங்க, இவரோ ஒரு விதவையோட வலிக்கு மரியாதை குடுத்துப் படத்தையே தள்ளி வெச்சார்.

1944 கிறிஸ்துமஸ் பேச்சுக்கு லோக் பக்கத்துல இல்லை. தன் வீட்ல உக்காந்து ரேடியோவில் கேட்டார். பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம்! ஆனா அதோட முடிஞ்சுதான்னா, இல்லை. 1951 செப்டம்பர்ல ராஜாவுக்கு ஒரு பக்க நுரையீரலை எடுத்துட்டாங்க. புகைப்பழக்கம். இடைவெளி விட்டு மூச்சு வாங்கிப் பேசக் கத்துக்கிட்டவருக்கு மூச்சே பாதியாயிடுச்சு. அந்த வருஷ கிறிஸ்துமஸ் பேச்சை முதல் தடவையா முன்கூட்டியே பதிவு பண்ணினாங்க. ஒரு வாக்கியம், ரெண்டு வாக்கியம்னு துண்டு துண்டாப் பேசி, பிறகு ஒட்டினது. சில நிமிஷப் பேச்சு அது. 1952 பிப்ரவரி 6 அன்னிக்குத் தூக்கத்துலயே போயிட்டார். அடுத்த வருஷம் ஏப்ரல்ல லோக்கும்.